குவாங்சோவில் கோமிண்டாங்–கம்யூனிஸ்ட் கூட்டணியின் தடங்கள்: இரண்டே நாளில் பார்த்துவிட்டு வர ஒரு வழிகாட்டி

நான் முதல் தடவை கிளம்பிப் போன நாள் திங்கட்கிழமை. போய் நின்ற இடமும் தப்பு. வரைபடச் செயலியில் "ஹுவாங்பு" என்று போட்டேன். அது என்னை ஹுவாங்பு பழைய துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டது. நல்ல இடம்தான், பழைய தெருக்கள், படகுத்துறை எல்லாம் உண்டு. ஆனால் நான் தேடிப்போன, அந்தக் கூட்டணிக் காலத்து வாம்போவா (சீனத்தில் ஹுவாங்பு) இராணுவப் பள்ளி அங்கே இல்லை, ஆற்றின் நடுவே வேறொரு தீவில் இருக்கிறது. கேட்டுக் கேட்டு மதியம் இரண்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருந்தது. வார விடுமுறை.

அதன்பிறகு விசாரித்து, அலைந்து, இன்னொரு தடவை பணம் செலவழித்துப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். உங்களுக்கு அந்த இரண்டாவது செலவு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரலாறு சொல்லப்போவதில்லை. 1923இலிருந்து 1927 வரை கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சியும் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரே குடையின் கீழ் இருந்தன, அதற்குத் தலைநகர் போல இருந்தது தென் சீன நகரமான குவாங்சோ என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். 1936 டிசம்பரில் கோமிண்டாங் தலைவர் சியாங் கை ஷேக்கைச் சிறைபிடித்த பிறகு ஏற்பட்ட இரண்டாவது கூட்டணிக்கு சியான் போக வேண்டும். அது வேறு ஊர், வேறு பயணம், இதில் சேர்க்காதீர்கள்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் டிக்கெட்

இந்தக் கூட்டணி சம்பந்தப்பட்ட நினைவிடங்கள் ஏறக்குறைய எல்லாமே திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் உங்கள் இரண்டு நாளும் செவ்வாய் முதல் ஞாயிறுக்குள் விழ வேண்டும். சனி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வருவார்கள், நிம்மதியாகப் படம் எடுக்க முடியாது. செவ்வாய், புதன் நல்லது.

அடுத்தது மாதம். ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் கான்டன் ஃபேர் என்ற பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் குவாங்சோ ஓட்டல் வாடகையைப் பார்த்தால் தலைசுற்றும். சீனப் புத்தாண்டு, மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் மூன்றிலும் நாடே ஊர்சுற்றக் கிளம்பிவிடும், அப்போதும் வேண்டாம். கோடையில் மழையும் புயலும் உண்டு. எல்லாம் கழித்தால் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை மிஞ்சுகிறது. வெயிலும் இல்லை, குளிரும் இல்லை.

ஒருவேளை நீங்கள் திருப்பூரிலிருந்தோ கரூரிலிருந்தோ அந்தக் கண்காட்சிக்கே வியாபாரமாகப் போகிறவர் என்றால், கூடுதலாக ஒரு நாள் தங்கினால் பாதி இடங்களைப் பார்த்துவிடலாம். தனி விசா தேவையில்லை.

2. விசா: பணத்தைவிடத் தாள்கள்தான் வேலை வாங்கும்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். சீனாவில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அது இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் கிடையாது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. தமிழ்நாட்டுக்காரர்களின் விண்ணப்பம் டெல்லிக்குத்தான் போகும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் மையங்கள் வேறு மாநிலங்களுக்கானவை. பெரும்பாலானவர்கள் முகவர் மூலமாகத்தான் கொடுக்கிறார்கள். கொடுப்பதில் தவறில்லை, ஆனால் படிவத்தை நீங்களே ஒரு தடவை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். எனக்கு வேலை செய்த முகவர் "எத்தனை முறை நுழைவு" என்ற இடத்தில் ஒன்று என்று போட்டுவிட்டார். நான் கவனிக்கவில்லை. அதன் விலையைக் கீழே சொல்கிறேன்.

தேவைப்படுபவை:

பாஸ்போர்ட், குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு. வெள்ளைப் பின்னணியில் 33க்கு 48 மில்லிமீட்டர் புகைப்படம். சாதாரண பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள், ஸ்டுடியோவில் "சீன விசா அளவு" என்று சொல்லியே எடுங்கள். போக, வர விமான டிக்கெட். தங்கும் எல்லா இரவுகளுக்கும் ஓட்டல் பதிவு, அதில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே. வங்கி அறிக்கை. வேலையில் இருந்தால் அலுவலகக் கடிதம்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், விமான டிக்கெட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். மூன்று தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் செய்யப்போவதும் அதுதான். "அரசியல் வரலாற்று ஆய்வு" என்று பெருமையாக எழுதினால், எந்த நிறுவனம் அழைத்தது, கடிதம் எங்கே என்று கேள்வி வரும். பத்திரிகையாளர் என்றால் அதற்குத் தனி விசா வகை இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது நுழைவு எண்ணிக்கை. குவாங்சோவிலிருந்து ஹாங்காங் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். "இவ்வளவு தூரம் வந்தோம், ஒரு நாள் ஹாங்காங் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்" என்று எல்லோருக்கும் தோன்றும். ஹாங்காங்குக்குப் போவது சீனாவை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. திரும்பி வர இரண்டாவது நுழைவு வேண்டும். மக்காவுக்கும் இதே கதை. ஒற்றை நுழைவு விசாவோடு போன நான், திரும்பும் விமானம் குவாங்சோவிலிருந்து என்பதால், வாங்கி வைத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தேன். இரட்டை நுழைவு கேளுங்கள். இல்லாவிட்டால் ஹாங்காங்கைப் பயணத்தின் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊருக்குப் பறந்துவிடுங்கள். ஹாங்காங்குக்குள் நுழைய இந்தியர்களுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு, இலவசம், 14 நாள் தங்கலாம். அதன் அச்சுப் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் கொடுத்தால் சரியாக இருக்கும். ரொம்ப முன்னாலேயே வாங்கினாலும் ஆபத்து. விசா கிடைத்த தேதியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் நுழைந்தாக வேண்டும், அந்தத் தேதி விசாவிலேயே அச்சிட்டிருக்கும். தூதரகக் கட்டணம் வேறு, மையத்தின் சேவைக் கட்டணம் வேறு, முகவர் கூலி வேறு. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள்.

3. பெயர் அட்டை: இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்

நாம் புத்தகத்தில் படித்த பெயர் எதுவும் அங்கே எடுபடாது. சியாங் கை ஷேக் அங்கே ஜியாங் ஜியேஷி. கோமிண்டாங்கை நிறுவிய சன் யாட் சென் அங்கே சுன் சோங்ஷான். கோமிண்டாங் என்பது குவோமிந்தாங். கூட்டணியை "முன்னணி" என்று தேடாதீர்கள், பலகைகளில் "குவோ–கோங் ஹசுவோ", அதாவது குவோமிந்தாங்–கம்யூனிஸ்ட் ஒத்துழைப்பு என்றுதான் இருக்கும். இந்த ஒரு சொல்லைக் காட்டினால் அருங்காட்சியக ஊழியர் சரியான அறைக்குக் கைகாட்டுவார்.

வாம்போவா இன்னும் மோசம். இந்தப் பெயரில் ஹாங்காங்கில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது, சிங்கப்பூரில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஹுவாங்பு என்று போட்டால் ஷாங்காயில் ஒரு மாவட்டம் வரும், குவாங்சோவிலேயே ஒரு மாவட்டம் வரும், நான் போய் ஏமாந்த பழைய துறைமுகமும் வரும். பள்ளி இருக்கும் தீவின் பெயர் சாங்சோ. சரி, அதைப் போடலாம் என்று பார்த்தால், ஆங்கில எழுத்தில் அதே கூட்டலோடு ஜியாங்சு மாகாணத்தில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். செயலி சந்தோஷமாக அதைத்தான் முதலில் காட்டும்.

தீர்வு எளிது. ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கீழே சொல்லும் ஐந்து குவாங்சோ இடங்களின் பெயரையும் சீன எழுத்தில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி, பஸ், படகுத்துறை எல்லா இடத்திலும் அந்தத் தாள்தான் எனக்குச் சோறு போட்டது.

4. பணமும் போனும்

நம் யூபிஐ அங்கே செல்லாது. கிளம்பும் முன்பே அலிபே செயலியைப் போட்டு, பாஸ்போர்ட்டைப் பதிவு செய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும், வங்கிச் செயலியில் அதைத் திறக்க வேண்டும். ஓடிபி வருவதற்காக நம் சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் குவாங்சோ விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் கூட வாங்க முடியாமல் நிற்பீர்கள். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கொடுத்தால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அதற்குக் கீழே இல்லை. சின்னச் சின்னதாகக் கட்டுங்கள். கைச்செலவுக்குச் சில்லறை நோட்டாக 300, 400 யுவான் இருந்தால் போதும்.

கூகுள், வாட்ஸ்அப் எதுவும் உள்ளூர் வைஃபையில் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மின் சர்வதேச ரோமிங்கில் பெரும்பாலும் வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்சிப் பலகைகளில் தலைப்புக்கு மட்டும்தான் ஆங்கிலம் இருக்கும் இடங்கள் உண்டு.

நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். இந்தத் தொல்லைக்காகவே நான் ஓட்டல்தான் சொல்வேன்.

5. முதல் நாள்: மெட்ரோ ஒன்றாம் தடம்

இந்த நாளுக்கு டாக்ஸியே வேண்டாம். ஒன்றாம் தடத்தில் தோங்ஷான்கோ, லியேஷி லிங்யுவான், நோங்ஜியாங்சுவோ என்று அடுத்தடுத்து மூன்று நிலையங்கள். முதலாவது கூட்டணி வைப்பதென்று முடிவெடுத்த இடம், இரண்டாவது அது முறிந்த பிறகு செத்தவர்களின் கல்லறை, மூன்றாவது அது உயிரோடு இருந்தபோது நடத்திய பள்ளி. மொத்தம் ஐந்து நிமிட ரயில் பயணத்துக்குள் வந்துவிடும். கட்டணம் முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான்.

காலை ஒன்பது மணிக்குத் தோங்ஷான்கோவில் இறங்குங்கள். ஷூகுயுவான் சாலையை நோக்கி நடந்தால் செங்கல் நிற மாடி வீடுகள் வரும். 1923 ஜூனில் கம்யூனிஸ்ட் கட்சியின் மூன்றாவது மாநாடு இங்கேதான் நடந்தது. கட்சி உறுப்பினர்கள் தனிநபர்களாகக் கோமிண்டாங்கில் சேரலாம் என்று முடிவானது இங்கே. அப்போது கட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 420. பழைய வீட்டைத் தேடி ஏமாறாதீர்கள். 1938இல் ஜப்பானியக் குண்டுவீச்சில் அது போய்விட்டது, அஸ்திவாரம் மட்டும்தான் பின்னாளில் தோண்டி எடுத்துக் கிடைத்தது. எதிரே ஒரு வீட்டின் உச்சியில் "1922" என்று எண் பதித்திருக்கும், அண்ணாந்து பாருங்கள். மாநாட்டு வீடு எது என்று பின்னால் அடையாளம் காண உதவியதே அந்த எண்தான். கல்லில் பொறித்த நாலு இலக்கம் ஒரு கட்சியின் முகவரியைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அங்கே கால் மணி நேரம் சும்மா நின்றேன்.

நினைவு மண்டபம் இலவசம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

லியேஷி லிங்யுவானை நான் மாலைக்குத் தள்ளுவேன், காரணம் அது பூங்கா, சாயங்காலமும் திறந்திருக்கும். நேராக நோங்ஜியாங்சுவோ போய்விடுங்கள். நிலையத்தின் பெயரே விவசாயிகள் இயக்கப் பயிற்சிக் கூடம் என்பதன் சுருக்கம்தான். பழைய கன்பூசியஸ் கோயில் கட்டடம் அது. கோமிண்டாங் பெயரில் நடந்த கூடம், ஆறாவது அணிக்குத் தலைவர் மாவோ, 1926இல் 327 மாணவர்கள். கன்பூசியஸ் கோயில் கூடத்தில் வரிசையாக மர பெஞ்சுகள், பக்கத்து அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். மாவோ தங்கிய சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில், அவ்வளவுதான். இங்கேயும் கட்டணம் இல்லை. மாலை நாலரைக்கே மூடிவிடுவார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பிறகு வென்மிங் சாலை. 1924 ஜனவரி 20 முதல் 30 வரை கோமிண்டாங்கின் முதல் தேசிய மாநாடு நடந்த மணிக்கூண்டுக் கட்டடம். இங்கேதான் பெரிய பொறி: கோமிண்டாங் பெயரில் தேடினால் கிடைக்காது. அது இப்போது எழுத்தாளர் லூ சுன் நினைவு அருங்காட்சியகம். அவர் 1927இல் இந்தக் கட்டடத்தின் மாடியில் குடியிருந்தார், அதே ஏப்ரலில் கோமிண்டாங் ஆட்கள் மாணவர்களைக் கைது செய்ததும் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டார். கீழே மாநாட்டு மண்டபம், மேலே அவருடைய அறை. இந்த மாதிரிப் பழைய கட்டடங்களைச் சீரமைப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், அதனால் ஓட்டலிலிருந்தே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் லியேஷி லிங்யுவான், அதாவது தியாகிகள் பூங்கா. கம்யூனிஸ்டுகளின் 1927 டிசம்பர் எழுச்சியில் இறந்தவர்களுக்கானது. பெரியவர்கள் நடனமாடிக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு: சைவக்காரர்கள் ஐந்தாம் தடத்தில் சியாவோபெய் பக்கம் போகலாம். ஆப்பிரிக்க, அரபு, தெற்காசிய வியாபாரிகள் புழங்கும் பகுதி, சோறும் பருப்பும் கிடைக்கும். மற்றபடி மதியத்துக்குப் பழமும் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும்.

6. இரண்டாம் நாள்: தீவு

முழு நாளையும் இதற்கே கொடுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏழாம் தடத்தில் சாங்சோ நிலையத்தில் இறங்கிப் பஸ்ஸிலோ வாடகை சைக்கிளிலோ போவது. இன்னொன்று, ஐந்தாம் தடத்தில் யூசு நிலையத்தில் இறங்கித் துறைக்கு நடந்து, படகு ஏறுவது. படகுக்கு ஓரிரு யுவான்தான். நான் படகைத்தான் சொல்வேன். மாணவர்களும் அந்தக் காலத்தில் தண்ணீர் வழியாகத்தான் வந்திருப்பார்கள், தவிர பள்ளிக்கூட வாசல் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே துறையில் எழுதியிருப்பதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மெட்ரோ இருக்கிறது, பயமில்லை.

பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும். நுழைவு இலவசம், ஆனால் கூட்ட நாட்களில் பெயர்ப் பதிவு கேட்பார்கள். பதிவுச் செயலி சீன அடையாள எண்ணைக் கேட்டு அடம்பிடிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் நேரே வாசல் ஊழியரிடம் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள்.

உள்ளே இருப்பது 1924இன் கட்டடம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அதுவும் 1938 குண்டுவீச்சில் அழிந்தது. இப்போது இருப்பது 1996இல் பழைய அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டியது. ஆனாலும் படுக்கையறை மாடத்தில் நின்றால் அந்தப் போலி உணர்வு வராது. நீள மண்டபம், நெருக்கி நெருக்கிப் போட்ட மரக்கட்டில்கள், சதுரமாக மடித்த போர்வைகள், மேலே தொங்கும் தொப்பிகள். தலைமை அதிகாரி சியாங் கை ஷேக், அரசியல் துறைத் தலைவர் கம்யூனிஸ்டான சூ என்லாய், இருவரும் ஒரே முற்றத்தில் நடந்திருக்கிறார்கள். காட்சியில் இரண்டு தரப்புத் தளபதிகளின் படங்களும் ஒரே சுவரில் இருக்கின்றன. எதிரெதிர்ப் படைகளில் நின்று சுட்டுக்கொண்டவர்கள், சுவரில் பக்கத்துப் பக்கத்தில்.

உள்ளே இரண்டரை மணி நேரம். அப்புறம் குன்றின்மேல் சன் யாட் சென் சிலை, வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். சற்றுத் தள்ளி கிழக்குப் படையெடுப்பில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். சீருடைக்காரர்கள் நிற்கும் வளாகம் எதையும் படமெடுக்காதீர்கள். உரக்க அரசியல் விவாதமும் வேண்டாம், நம்மோடு வந்தவர்களுக்குள்ளேயே கூட.

7. மூன்று நாள் கூடுதலாக இருந்தால் மட்டும்: வூஹான்

குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவு. உள்நாட்டு விமானத்தில் போனால் சீனாவின் 3சி பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்கைப் பறித்துக்கொள்வார்கள், அதனால் ரயிலே மேல். கூட்டணி முழுதாக முறிந்தது அங்கேதான். 1927இல் மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலத்தின் பிரதிநிதியாக வூஹானில் இருந்தவர் நம்மவர் எம்.என். ராய். ஸ்டாலினின் ரகசியத் தந்தியைக் கோமிண்டாங் தலைவர் வாங் ஜிங்வெயிடம் காட்டியவரும் அவரே. வூஹானின் ஹான்கோ பகுதியில் கோமிண்டாங்கின் வூஹான் அரசு இருந்த நன்யாங் கட்டடத்தையும், கம்யூனிஸ்ட் கட்சியின் 1927 ஆகஸ்ட் 7 அவசரக் கூட்டம் நடந்த வீட்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். அங்கேயும் திங்கள் விடுமுறை.

8. மொத்தம் என்ன செலவு

நினைவிடங்களுக்கு நுழைவுக் கட்டணம்: பூஜ்யம். குவாங்சோவில் இரண்டு நாள் மெட்ரோ, பஸ், படகு எல்லாம் சேர்த்து எனக்கு 50 யுவான் தாண்டவில்லை. அப்போது ஒரு யுவான் சுமார் 12 ரூபாய், அந்தக் கணக்கில் 600 ரூபாய். ஓட்டல், கண்காட்சி இல்லாத நாளில், சுத்தமான சின்ன அறை இரவுக்கு 250 யுவான். சாப்பாட்டுக்கு நாளுக்கு 100 யுவான் வைத்தேன், மிச்சமானது. மற்றதெல்லாம் விமானமும் விசாவும்தான். சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் அல்லது கொழும்பு வழியாக மாறிப் போகும் டிக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் காத்திருக்கும் நேரம் எட்டு மணிக்கு மேல் போனால் மலிவு என்று வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளி வாசலில் அந்தக் காலத்தில் ஒரு ஈரடி தொங்கியது. பதவியும் பணமும் வேண்டுமென்றால் வேறு இடம் போ, உயிருக்குப் பயந்தவன் இந்த வாசலில் நுழையாதே என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் அந்த வாசலில் நின்று படமெடுக்கிறார்கள். வரிசை நீளும். காலையில் திறந்தவுடன் முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.